டி-ஷர்ட்டை டாப்பாக மாற்றினால் கழுத்து அலை அலையாக விரிகிறது, ஏன்?

கேள்வி: தொளதொளவென்ற காட்டன் டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையை வெட்டிவிட்டு, ஓரத்தை மடித்து நேர்த்தையல் போட்டேன். கழுத்து விரிந்து நிற்கிறது, நடுவில் தையலும் விட்டுவிட்டு விழுகிறது. எப்படிச் சரிசெய்வது?

பதில் 1: தையல் விட்டுப்போவது பெரும்பாலும் ஊசியால்தான். டி-ஷர்ட் போன்ற பின்னல் துணிக்கு முனை மழுங்கிய பால்பாயிண்ட் ஊசி வேண்டும், அளவு 75/11 அல்லது 80/12. நேர்த்தையலுக்கு இழுபடும் தன்மை இல்லை. தலை நுழையும்போதே நூல் அறுந்துவிடும். ஜிக்ஜாக் தையலில் (வளைந்து வளைந்து விழும் தையல்) அகலம் 1, நீளம் 2.5 மி.மீ. வையுங்கள்.

வளைவான ஓரத்தை மடித்துத் தைத்தால் விரியத்தான் செய்யும். தனிப் பட்டை வையுங்கள். வெட்டிய கழுத்தின் சுற்றளவு 60 செ.மீ. என்றால், அதில் 85 சதவீதம் 51, தையலுக்கு 2, ஆக 53 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலம். துணி அதிகம் இழுபடும் குறுக்குவாட்டில் வெட்டுங்கள். வளையமாக இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்து, பட்டையையும் கழுத்தையும் நான்காகக் குறித்து, குறிகளைப் பொருத்தி குண்டூசி குத்துங்கள். தைக்கும்போது பட்டையை மட்டும் இழுங்கள், கழுத்தை இழுக்கவே கூடாது.

பதில் 2: பக்கவாட்டில் குறைக்கும்போது பழைய பக்கத்தையலை நம்பாதீர்கள். துவைத்துத் துவைத்து அது முன்பக்கம் முறுக்கியிருக்கும். இரு தோள் தையல்களையும் சேர்த்து மடித்து, புது நடுக்கோடு பிடித்து வெட்டுங்கள். கீழ் மடிப்பை அப்படியே விட்டால் ஒரு வேலை மிச்சம்.

பதில் 3: ஏற்கெனவே விரிந்த கழுத்தின் தையலைப் பிரித்து, நீராவி இஸ்திரியை அழுத்தி எடுங்கள், தேய்க்க வேண்டாம். காட்டன் ஓரளவு சுருங்கிவிடும். அதன்பிறகு அளவெடுங்கள்.