‘சாலம்னைஸ்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்?

வணக்கம். மாம்பலம் வீட்டுத் திண்ணையில் தங்கையின் திருமணப் பதிவுக்கான தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, ‘சாலம்னைஸ்’ (solemnize) என்ற ஆங்கிலச் சொல்லில் விரலை வைத்து நிறுத்திவிட்டார். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டத்தில் அடிக்கடி வரும் சொல். லத்தீன் வேர், உரிய முறைமையோடு, கனத்தோடு நிகழ்த்துவது என்று பொருள்.

‘நடத்திவைத்தல்’ என்றால் பந்தலும் பந்தியும்தான் கண்முன் வருகின்றன. ‘சடங்கு செய்தல்’ என்றால் எங்கள் தெருவில் மஞ்சள் நீராட்டு என்றுதான் நினைப்பார்கள்! தவிர, 1967இல் தமிழ்நாடு அதே சட்டத்தில் கொண்டுவந்த 7ஏ பிரிவின்படி புரோகிதர் இல்லாமல் உறவினர், நண்பர்கள் முன் மாலை மாற்றினாலும் திருமணம் செல்லும். அங்கே சடங்கு ஏது?

திருமண முறையைக் குறிக்கத் தொல்காப்பியம் சொல்லும் ‘கரணம்’ எனக்குப் பிடித்திருக்கிறது. அப்பாவுக்கோ அது குட்டிக்கரணம்.

பத்திரப் பதிவு, நீதிமன்ற மொழிபெயர்ப்பு அனுபவம் உள்ளவர்கள் எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறீர்கள்? லத்தீன் வேரைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்தாலும் எழுதுங்கள்.