கெங்குவார்பட்டி நைஸ் பாறைக்கு 390 கோடி ஆண்டு வயது வருகிறது: எங்கே தவறு?

கேள்வி (பெரியகுளம் மாணவன்)

வணக்கம். பழனி மலையடிவாரத்தில், கெங்குவார்பட்டிக்கு அருகே, கார்னெட், சிலிமனைட் என்ற கனிமங்கள் நிறைந்த இரண்டு நைஸ் (பட்டை பட்டையாக உருமாறிய பாறை) கற்களை எடுத்து வந்தேன். ஒரு காலத்தில் சேறாகப் படிந்து, பிறகு உருமாறியவை. அந்தச் சேறு எந்த நிலத்திலிருந்து அரித்து வந்தது என்பதே என் ஆய்வு.

சமாரியம் மெல்லச் சிதைந்து நியோடிமியமாவதை வைத்து வயது கணிக்கும் சமாரியம்–நியோடிமியம் முறையில் அளந்தேன். முதல் கல்லில் சமாரியம்-147க்கும் நியோடிமியம்-144க்கும் உள்ள விகிதம் 0.115, நியோடிமியம்-143/144 விகிதம் 0.51165. மாடல் வயது, அதாவது பாறையின் மூலப்பொருள் மேன்டிலை (பூமியின் மேலோட்டுக்கு அடியிலுள்ள அடுக்கு) விட்டுப் பிரிந்ததாகக் கணக்கிடும் வயது, 230 கோடி ஆண்டுகள். பத்தடி தள்ளி எடுத்த இரண்டாம் கல்லில் 0.165, 0.51190. அதன் வயது 390 கோடி! ஒரே படுகையில் படிந்த சேற்றுக்கு இரண்டு பிறந்தகங்கள் எப்படி? கருவியைச் சரிபார்க்கும் ஜேஎன்டிஐ-1 தரப்பொருள், எதிர்பார்த்தபடியே 0.512114 காட்டுகிறது, ஆகவே கருவியில் பிழை இல்லை. இரண்டு வாரமாக இதே கவலை.

பதில் (காட் ரோடு)

கார்னெட் முழுவதும் அமிலத்தில் கரைந்ததா? வெறும் சூட்டுத்தட்டில் வைத்தால் அடியில் தங்கிவிடும். அழுத்தக் கலத்தில் மீண்டும் கரைத்துப் பாருங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற புவியியலர், வத்தலக்குண்டு)

தம்பி, கரையாமல் தங்கியிருந்தால் கணக்கு எதிர்த்திசையில் போயிருக்கும். கார்னெட்டில் சமாரியம் அதிகம். அது விடுபட்டால் விகிதம் குறையும். உங்களுக்கோ கூடியிருக்கிறது.

சாதாரணச் சேற்றில் இந்த விகிதம் 0.11, 0.12 அளவில்தான் இருக்கும். 0.165 என்பது சேற்றின் எண்ணே அல்ல. அந்தப் பக்கத்துப் பாறைகளில், உயர்ந்த சூட்டில் உருவாகும் சஃபிரின் என்ற கனிமம் கிடைக்கிறது. 900 டிகிரி செல்சியஸுக்கு மேல், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் வெந்த பாறைகள். அந்தச் சூட்டில் ஒரு பகுதி உருகி வெளியேறியது. உருகியது நியோடிமியத்தைக் கூடுதலாக அள்ளிச் சென்றது, எஞ்சிய கார்னெட் சமாரியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டது. இரண்டாம் கல் அப்படி எஞ்சிய சக்கை. காலத்தோடு அதன் நியோடிமியம் விகிதம் மாறும் கோடு மேன்டிலின் கோட்டுக்கு ஏறக்குறைய இணையாக ஓடுவதால், இரண்டும் சந்திக்கும் இடம் மிகப் பின்னுக்குத் தள்ளிப்போகிறது.

இப்படிச் செய்யுங்கள்: 55 கோடி ஆண்டு வரை 0.165 வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். அதற்கு முன்பு 0.115 என்று கொள்ளுங்கள்.

கேட்டவர்

ஐயா, 220 கோடி வருகிறது! முதல் கல்லோடு ஒட்டி வருகிறது. அப்படியானால் 220–230 கோடி வயதுள்ள நிலம்தான் மூலம் என்று எழுதலாமா?

பதில் (வத்தலக்குண்டு)

எழுதிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். அது சராசரி. தாண்டிக்குடிக் காப்பிக்கொட்டையையும் வேறு ஊர்க் கொட்டையையும் கலந்து அரைத்த தூளை வைத்துத் தோட்டத்தைச் சொல்ல முடியுமா? 300 கோடி ஆண்டு நிலமும் 100 கோடி ஆண்டு நிலமும் கலந்தாலும் இதே எண் வரலாம்.

முழுக்கொட்டை வேண்டுமென்றால், அரிப்பிலும் அழியாமல் தன் வயதைத் தனித்தனியே காக்கும் சிர்க்கான் என்ற கனிம மணியிடம் போங்கள். நைஸை விட, அதே தொடரில் உள்ள குவார்ட்சைட் (மணல் படிந்து உருமாறிய பாறை) நல்லது. அது எளிதில் உருகாது. (கொடைக்கானலின் கரும்பாறையான சார்னோகைட்டையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தக் குவார்ட்சைட் மேடுகள் தப்பிவிடும், நிதானமாகத் தேடுங்கள்.) மணியின் உள்வளையங்களைக் காட்டும் கேத்தோடு ஒளிர்வுப் படம் எடுத்து, கருவையும் ஓரத்தையும் பிரித்த பிறகே வயதை அளக்க லேசரை வையுங்கள். ஓரம் உருமாற்றத்தின் வயதைச் சொல்லும், கரு மூலத்தின் வயதைச் சொல்லும். கருவிலிருந்தும் ஈயம் கசிந்திருக்கக்கூடும். அங்கே, யுரேனியம் ஈயமாகச் சிதைவதை வைத்துக் கணிக்கும் யுரேனியம்–ஈய வயது இளமையாகக் காட்டும். ஆனால் மூலத்துக்கு இன்னொரு தடயமான ஹாஃப்னியம் சிர்க்கானின் கட்டமைப்பிலேயே அமர்ந்திருப்பதால் பெரும்பாலும் கலையாது. அதே புள்ளியில் அதையும் அளந்து பாருங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. சனிக்கிழமை குவார்ட்சைட் எடுக்கப் போகிறேன். எத்தனை மணிகள் அளந்தால் போதும்?

பதில் (வத்தலக்குண்டு)

குவார்ட்சைட்டாக மாறிய மணலில் 5 விழுக்காட்டுக்கு மேல் பங்குள்ள எந்த நிலமும் விடுபடவில்லை என்று 95 விழுக்காடு உறுதியாகச் சொல்ல 117 மணிகள் வேண்டும். பெரிதாக, பளபளப்பாக இருப்பவற்றை மட்டும் பொறுக்காதீர்கள். சின்னதும் மங்கலும் வேறு நிலத்துப் பிள்ளைகளாக இருக்கலாம். சம்மட்டியோடு கண்ணாடியும் எடுத்துச் செல்லுங்கள், குவார்ட்சைட் சில்லு கண்ணில் தெறிக்கும்.