நுவரெலியா தபால் நிலையம்: உங்களுக்கு மறக்காத சம்பவம் எது?

மலையோரம்:
கட்டடத்தை விடுதிக்குக் கொடுக்கக் கூடாது என்று 2023 நவம்பரில் தபால் ஊழியர்கள் 48 மணி நேரம் வேலைநிறுத்தம் செய்தார்களே, அன்றிலிருந்து ஒரு பாட்டியின் நினைவாகவே இருக்கிறது. முன்பொரு நாள் உள்ளே முத்திரை ஒட்டிக்கொண்டு நின்றேன். "தம்பி, கோத்தகிரிக்கு விலாசம் எழுதித் தாங்க" என்று உறையை நீட்டினார். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. தோட்டத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் இரு நாடுகளும் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தங்கச்சி குடும்பம் தமிழகத்துக்குக் கப்பலேறிவிட்டதாம், இவர் இங்கேயே தங்கிவிட்டார். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் தானே போய்ப் பெட்டியில் போட்டார். உறை உள்ளே விழும் சத்தம் கேட்கிறவரை கையை எடுக்கவில்லை. அந்த இடத்தில் விடுதியா? மனம் ஒப்பவில்லை.

லயத்துப்பிள்ளை:
மலையோரம், உங்கள் பாட்டி கொடுத்துவைத்தவர், டவுனுக்கு வர முடிந்தது. 1894இல் அந்தச் செங்கல் கட்டடத்தையும் மணிக்கூட்டுக் கோபுரத்தையும் வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்காகத்தான் கட்டிக்கொண்டார்கள். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு அதன் வாசல் திறக்கவே இல்லை. கடுதாசி தோட்டத்து ஆபீசோடு நின்றுவிடும், அங்கே யாராவது மனம் வைத்தால்தான் கைக்கு வரும். எனக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் கிடைத்தபோது திகதி முடிந்து போயிருந்தது. உறையில் தபால் முத்திரை தெளிவாக இருந்தது. தபால் நிலையம் நேரத்துக்கு அனுப்பியிருக்கிறது! அம்மா அந்தத் திகதியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். கட்டடத்துக்காகப் போராடுகிறவர்கள் இதற்கும் குரல் கொடுக்க வேண்டும்.

கோத்தகிரியான்:
கப்பலேறிய பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் ஒன்றில்தான் தாத்தா வேலை பார்த்தார். கடிதம் வந்தால் பிரிக்கும் முன் முத்திரைக் குத்தைத்தான் பார்ப்பார். "நுவரெலியா" என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டுத்தான் உறையை என்னிடம் தருவார். துரைமார் கட்டியதாகவே இருக்கட்டும், லயத்துப்பிள்ளை. தாத்தாவுக்கு அது தங்கச்சி வீட்டுப் பெயர் மாதிரி.

தேயிலைமேடு:
லயத்துப்பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் பழி தபால் நிலையத்தின் மேல் இல்லையே. என் அக்காவின் பல்கலைக்கழகக் கடிதமும் தோட்டத்து ஆபீஸ் மேசையில்தான் கிடந்தது, பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்குப் போன மாமா தற்செயலாகக் கண்டெடுத்தார். இப்போது படிக்கிற பிள்ளைகள் கவனியுங்கள். விண்ணப்பத்தில் வெறும் தோட்டத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். டிவிஷன், லய இலக்கம், வீட்டு இலக்கம், அப்பாவின் பெயர் எல்லாம் எழுதுங்கள், ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். தொலைபேசி இலக்கத்தையும் சேருங்கள். டவுனில் நம்பிக்கையான கடை இருந்தால் அந்த முகவரியைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். முக்கியமான கடிதத்தை எதிர்பார்த்தால் தபால்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பரீட்சை முடிவு வரும் காலத்தில் ஆபீசுக்குத் தினமும் யாராவது ஒரு நடை போய்க் கேளுங்கள். லயத்துக்கு லயம் வீட்டு முகவரி வேண்டும் என்று தொழிற்சங்கத்திடம் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.