கான் நகரத்துக் கோயிலில் கல் கூரை எப்படி நிற்கிறது?

குழித்துறைக்காரன்:
மகளைப் பார்க்க பிரான்சுக்குப் போனபோது நார்மண்டியில் கான் ஊரின் முடியப்பர் மடாலயக் கோயிலுக்குப் போனேன், அதாவது புனித ஸ்தேவான். முகப்பு மொட்டைச் சுவர்தான், ஆனால் உள்ளே நடுக்கூடம் முழுக்க கல் வளைவு. நம்ம திருவட்டாறு பிரகாரத்தில் கல் கூரைக்குத் தூண்கள் நெருக்கமாக நிற்கின்றன, இங்கே நடுவில் ஒன்றுகூட இல்லை. எப்படி? பீடத்துப் பக்கம் மட்டும் வளைவுகள் கூராக இருப்பது ஏன்?

பாறசாலை சிவில்:
அண்ணே, 1077ல் கோயிலை அர்ச்சித்தபோது நடுக்கூடத்துக்கு மரக்கூரைதான். கல் வளைவு 1120 வாக்கில் ஏறியது. திருவட்டாறில் கல் பலகை உத்திரம் மாதிரி படுத்திருக்கிறது, பாரம் நேரே கீழே இறங்கும், ஆனால் நீளம் கூடினால் கல் அடிப்பக்கத்தில் இழுபட்டு விண்டுவிடும், அதனால்தான் தூண் நெருக்கம். வளைவில் ஒவ்வொரு கல்லும் பக்கத்துக் கல்லை நெருக்கிக்கொண்டு நிற்கும். சிக்கல் என்னவென்றால், அது சுவரை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலை வாங்க தடித்த சுவர், அப்புறம் பக்கக்கூடத்து மாடியில் கூரைக்கடியில் மறைந்திருக்கும் அரை வளைவு. அண்ணாந்து பார்த்திருந்தால் ஒரு சதுரக் கட்டம் ஆறு துண்டாகப் பிரிந்திருப்பது தெரிந்திருக்கும்: இரண்டு மூலைவிட்டம், நடுவில் ஒரு குறுக்கு வளைவு. பீடத்துப் பக்கத்தை 13ஆம் நூற்றாண்டில் இடித்து கோதிக் பாணியில் கட்டினார்கள். கூர் வளைவு பக்கவாட்டில் குறைவாகத் தள்ளும், ஜன்னலைப் பெரிதாக்கலாம்.

கல்லாசாரி மகன்:
கல்லையும் சொல்ல வேண்டும். அது சுண்ணாம்புக்கல், வெட்டியெடுத்த புதிதில் இளசாக இருக்கும், காற்றுப் பட்டால் இறுகும். வளைவுக்கு ஆப்பு வடிவில் செதுக்க லேசு. நம்ம கருங்கல்லில் அப்படி ஒரு கல் செதுக்கவே அப்பா எத்தனை உளி தீட்டுவார்! கப்பலில் ஏற்றி லண்டன் கோட்டைக்கும் கேன்டர்பரி பேராலயத்துக்கும் கொண்டுபோனார்கள்.

களியக்காவிளை அக்கா:
தம்பி, ஊரின் இன்னொரு பக்கம் கன்னியர் மடம் பார்த்தீர்களா? நார்மண்டி பிரபு வில்லியம், அதாவது பின்னால் இங்கிலாந்து மன்னரானவர், மெட்டில்டாவை மணப்பதைத் திருத்தந்தை ஒன்பதாம் லியோ 1049ல் தடுத்தார், 1059ல்தான் அனுமதி கிடைத்தது, தடையை மீறி மணந்ததற்குப் பரிகாரமாக ஆளுக்கொரு மடம் கட்டினார்கள். 1083ல் மெட்டில்டாவை அவள் கட்டிய கன்னியர் மடத்திலும், 1087ல் வில்லியமை அவர் கட்டிய முடியப்பர் கோயிலிலும் அடக்கினார்கள்.

குழித்துறைக்காரன்:
கன்னியர் மடம் பார்க்கவில்லை அக்கா. மகளை நாளைக்கே போய்ப் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன், அந்த ஆறு துண்டையும் சேர்த்து.