ஹெட்செட்டைக் கழற்றினாலும் காதில் இரைச்சல்

திருச்சி விமான நிலைய டவரில் விமானப் போக்குவரத்து கன்ட்ரோலராக இருக்கிறேன். பொங்கலுக்கு அப்புறம், டியூட்டி முடிந்து ஹெட்செட்டைக் கழற்றினாலும் இடது காதில் ‘ஙொய்’யென்று ஒரே சத்தம். நைட் ஷிப்ட் என்றால் மறுநாள் மத்தியானம் வரை போகாது.

ஒற்றைக் காது ஹெட்செட்தான். வலது காதுக்கு மாற்றினேன், நுரை உறையையும் மாற்றினேன். வால்யூமைக் குறைத்தால் பயிற்சி விமானங்களின் ரீட்பேக் (நாங்கள் சொன்னதைப் பைலட் திருப்பிச் சொல்வது) பாதி விழுங்கிப் போகிறது. அது இதைவிட வம்பு. காது டாக்டர் எடுத்த ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) நார்மல். கன்ட்ரோலர்களுக்கான மூன்றாம் வகுப்பு மெடிக்கலில் 500, 1000, 2000 ஹெர்ட்ஸில் 35 டெசிபலுக்கு மேல் இழப்பு கூடாது, 3000-ல் 50. அதற்குள்தான் இருக்கிறேன். புதுப்பிப்பு அடுத்த மாதம்.

ஆடியோகிராம் சரியாக இருந்தும், இரைச்சலைச் சொன்னதால் யாரையாவது டியூட்டியிலிருந்து நிறுத்தியிருக்கிறார்களா?