கல்லுக்கு மரப்பீடம் செதுக்கித் தரக்கூடிய ஓடாவி யாரேனும் உள்ளாரா?

குழும உறவுகள் அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பில் வசிக்கும் நான், இயற்கைக் கற்களை உளி படாமல் அவற்றின் உருவத்துக்காகவே சேர்த்து வருகிறேன். ஜப்பானில் ‘சுய்செக்கி’ எனப்படும் இக்கலை, சீன அறிஞர்கள் துளைகளும் மடிப்புகளும் நிறைந்த, சீனாவின் ‘தாய்’ (Tai) என்னும் ஏரியின் சுண்ணக்கற்களைப் போற்றிய மரபிலிருந்து வளர்ந்தது. நம் பகுதியின் ‘நைஸ்’ (gneiss) எனப்படும் வரிப்பாறை அவ்வாறு துளைபடுவதில்லை. ஆனால் அதன் கருமையும் வெண்மையும் கலந்த வரிகளின் அழகு எனக்கு அவற்றிலும் மேலானது.

வீட்டு வேலைக்கு இறக்கிய ஆற்றுமணலில் கிடைத்த கல்லொன்று, சற்றே சாய்த்துப் பிடித்தால் குடும்பிமலையின் உச்சியைப் போலவே தோன்றுகிறது. ஒருபுறம் வெண்வரியொன்று அருவிபோல இறங்குகிறது. அதன் அடி கரடுமுரடானது. அடியை அறுத்துச் சமன்செய்வதிலோ சீமெந்தில் பதிப்பதிலோ எனக்கு உடன்பாடில்லை. கல்லின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப மரத்தைக் குடைந்து, விளிம்பு கல்லைத் தழுவி நிற்குமாறு பீடம் அமைப்பதே முறை.

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ இத்தகைய நுண்வேலை செய்பவரைத் தெரிந்தவர்கள் அறியத் தாருங்கள். மாரிகால ஈரத்தில் உப்பி வெடிக்காதிருக்க முதிரை ஏற்றதா, தேக்கு ஏற்றதா என்பதையும் அனுபவமுள்ளோர் கூறினால் பேருதவியாக இருக்கும். மணல் பரப்பிக் கல்லை வைப்பதற்கு, மெருகிடாத ஆழமற்ற மண்தட்டு வனைந்து தரக்கூடிய குயவர் இருப்பினும் தெரிவியுங்கள். வனவிலங்குச் சரணாலயங்களிலும் தொல்லியல் இடங்களிலும் நான் கல் எடுப்பதில்லை. ஆகவே, தங்கள் வயற்காணியில் உழவுக்கு இடைஞ்சலாக ஒதுக்கிய கற்களைப் பார்வையிட அனுமதிப்போரும் தொடர்புகொள்ளலாம்.