பதில்: ஹ்யூமேன் டிசைனுக்குத் தமிழ்ச்சொல் – ‘மனிதநேயம்’ வேண்டாமே

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கணினி, செயலி வடிவமைப்பில் புழங்கும் ‘ஹ்யூமேன் டிசைன்’ (humane design) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்ற இந்த இழையை மூன்று நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நேற்று இரவு பன்னிரண்டரைக்கு ஃபோனைக் கீழே வைத்தபோதுதான், எதைப் பற்றிய பேச்சுக்காக இப்படிக் கண்விழித்தேன் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. சரி, என் பங்குக்கு.

> ஹ்யூமேன் என்றால் மனிதநேயம், அகராதியிலேயே இருக்கிறது. ‘மனிதநேய வடிவமைப்பு’ என்று முடித்துவிடலாமே ஐயா?

முடித்துவிடலாம்தான். ஆனால் மனிதநேயம் என்றதும் எனக்கு வெள்ள நிவாரணமும் இரத்த தானமும்தான் நினைவுக்கு வருகின்றன. இருப்பவர் இல்லாதவருக்குச் செய்வது அது. இந்தத் துறையில் ஹ்யூமேன் என்ற சொல்லுக்கு வேறு பொருள். ஆப்பிளில் 1979இல் மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கிவைத்த ஜெஃப் ராஸ்கின், 2000இல் ‘தி ஹ்யூமேன் இன்டர்ஃபேஸ்’ என்ற புத்தகத்தை எழுதினார். மனிதரின் தேவைக்கு ஈடுகொடுத்து, மனிதரின் பலவீனத்தையும் கருத்தில்கொள்ளும் இடைமுகமே (கணினியோடு நாம் பேசும் திரை, பொத்தான் முதலியவை) ஹ்யூமேன் என்பது அவர் வரையறை. பலவீனம் என்று அவர் சொன்னது குணக்கேட்டை அல்ல. நம் கவனம் ஒரு நேரத்தில் ஒன்றின்மேல்தான் நிற்கும். பழகிய விரல் யோசிக்காமல் அழுத்தும். ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று நூறு தடவை கேட்டால், நூற்றோராவது தடவை வாசிக்காமலே ‘ஆம்’ என்போம். அதனால் கேட்டுத் தொல்லை செய்யாமல், அழித்ததை மீட்க வழி வைக்கச் சொன்னார். இதில் நேயம் எங்கே வருகிறது? எதிராளியின் இயல்பு தெரிந்து நடந்துகொள்வதுதான் இருக்கிறது.

> ‘மனித மைய வடிவமைப்பு’ (human-centred design) ஏற்கெனவே புழக்கத்தில் உள்ளது. இரண்டும் ஒன்றுதானே?

ஒன்றல்ல. ஒரு அப்பா மகன் கதையை வைத்தே இதைச் சொல்லலாம். ஜெஃப் தன் புத்தகத்தில் கணினிக்கு இரண்டு விதி வைத்தார். உங்கள் வேலைக்கு அது கேடு செய்யக் கூடாது, சும்மா இருந்து கேடு வர விடவும் கூடாது என்பது முதலாவது. உங்கள் நேரத்தை வீணடிக்கக் கூடாது, தேவைக்கு மேல் உங்களை வேலை வாங்கவும் கூடாது என்பது இரண்டாவது. 2005இல் அவர் காலமானார். மறு வருடம் மகன் ஏசா ராஸ்கின் முடிவே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கும் பக்கத்தை (இன்ஃபினிட் ஸ்க்ரோல்) வடிவமைத்தார். ‘அடுத்த பக்கம்’ என்று அழுத்தத் தேவையில்லை. உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கும்.

கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. பயனரை மையத்தில் வைத்து யோசித்ததால்தான் ஒரு சொடுக்கு மிச்சமானது. அப்பாவின் இரண்டாம் விதியில் பின்பாதிக்கு நூற்றுக்கு நூறு மதிப்பெண். முன்பாதிதான் கவிழ்ந்தது. அந்த ‘அடுத்த பக்கம்’ பொத்தான் தொந்தரவாக இருந்ததோடு, ‘போதுமா?’ என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் இடமாகவும் இருந்திருக்கிறது. அதைத் தூக்கிய பிறகு விரல் நிற்க மறந்துவிட்டது. ஏசாவே பிற்பாடு இதற்கு வருத்தம் தெரிவித்துப் பேசினார். 2018இல் கூகுளில் முன்பு பணியாற்றிய ட்ரிஸ்டன் ஹாரிஸ் முதலானவர்களோடு சேர்ந்து அவர் தொடங்கிய அமைப்பின் பெயரிலும் ‘ஹ்யூமேன்’ இருக்கிறது. மனித மையத்தில் தேறி, ஹ்யூமேனில் தோற்ற வடிவமைப்புக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்தக் கதையைத் தமிழில் சொல்லவே முடியாது.

> வள்ளுவரிடம் ‘கண்ணோட்டம்’ என்று ஒரு அதிகாரமே இருக்கிறதே.

என் மனசும் முதலில் அங்கேதான் போனது. 58ஆம் அதிகாரம். கண் பிறர்மேல் ஓடி இரங்குவது. ஆனால் இன்று கண்ணோட்டம் என்றால் பார்வைக் கோணம். ‘கண்ணோட்ட வடிவமைப்பு’ என்று எழுதினால் முப்பரிமாணப் படம் வரையும் வகுப்பு என்று ஆள் வந்து சேருவார்கள். ‘செயலி’ ப்ராசஸருக்கா ஆப்புக்கா என்று பட்ட பாடு போதும். இன்னொருவர் சொன்ன ‘குறிப்பறிதல்’ வேறு காரணத்தால் சரிவராது. குறிப்பறிவதில் இன்றைய செயலிகளை மிஞ்ச ஆள் இல்லை. எந்த வீடியோவில் எத்தனை நொடி தங்கினோம் என்பதுவரை அவற்றுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு அவை என்ன செய்கின்றன என்பதுதான் வழக்கே.

என் பரிந்துரை: இங்கிதம். இங்கித வடிவமைப்பு.

இது என் மூளையில் உதித்ததல்ல. போன மாதம் ஒரு துட்டி வீட்டில், அதாவது இழவு வீட்டில், உட்கார்ந்திருந்தோம். பெரியம்மா மடியில் இருந்த ஃபோன் ஏதோ கடையின் தள்ளுபடியைக் கணீரென்று கூவியது. ‘இங்கிதம் தெரியாத சனியன்’ என்று அதைக் கவிழ்த்து வைத்தார். கலைச்சொல் அங்கேயே தயாராகிவிட்டது. நாம்தான் மூன்று நாளாகத் தேடுகிறோம்.

> இங்கிதம் வெறும் மரியாதைதானே? தயவுசெய்து, நன்றி எல்லாம் போட்டுக்கொண்டே ஆளைக் கட்டிப்போடும் செயலிகள் உண்டே.

நல்ல கேள்வி. மரியாதையும் இங்கிதமும் வேறு என்பதே என் வாதம். வணக்கம் சொல்லி, செருப்பை வாசலில் விட்டு, ‘வாங்க போங்க’ என்று பேசிவிட்டு இரவு பதினொரு மணிவரை நகராமல் உட்கார்ந்திருக்கும் விருந்தாளிக்கு மரியாதை தெரியும், இங்கிதம் தெரியாது. வீட்டுக்காரம்மா இரண்டாவது தடவை கொட்டாவி விட்டதும் ‘அப்போ வர்றேங்க’ என்று எழுந்துகொள்பவருக்குத்தான் அது தெரியும். அவரும் குறிப்பறிகிறார், அறிந்ததை வீட்டாருக்குச் சாதகமாகப் பயன்படுத்துகிறார். அடுத்த பகுதி ஐந்து நொடியில் தானாகத் தொடங்கும் என்று பணிவாக அறிவிக்கும் செயலி முதல் வகை.

வடசொல் என்ற ஆட்சேபம் வரும், தெரியும். ‘பரிவு’ போடலாமா என்று நானும் யோசித்தேன். பரிவு மேலிருந்து கீழே இறங்குவது. பயனர் பரிதாபத்துக்குரியவர் அல்ல. பெரியம்மா வாயில் தானாக வந்த சொல்லைத் தள்ளிவிட்டு யாருக்கும் புரியாத தனித்தமிழ்ச் சொல்லை நட எனக்கு மனமில்லை. நல்ல மாற்று கிடைத்தால் என் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: ‘இந்த அறிவிப்பு இங்கிதமாக இல்லை’, ‘இரவில் ஒலிக்காமல் இருப்பது இங்கித வடிவமைப்பின் முதல் படி’. நாக்கில் தடுக்கவில்லை.

ஒன்றே ஒன்று. பயனரைத் தந்திரமாகச் சிக்கவைக்கும் வடிவமைப்பான டார்க் பேட்டர்னை இதற்குள் இழுக்க வேண்டாம். ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் அப்படி 13 வகைகள் இருக்கின்றன. கேட்காமலே கூடையில் பொருளைச் சேர்ப்பது இங்கிதக் குறைவு அல்ல, ஏமாற்று. அதற்குத் தனி இழை போடுகிறேன்.

அன்புடன்.

பி.கு.: இன்ஃபினிட் ஸ்க்ரோலுக்குச் சொற்பட்டியலில் ‘முடிவிலா உருட்டு’ என்று யாரோ போட்டிருக்கிறீர்கள். ‘உருட்டல்’ என்று மாற்றிவிட்டேன். ‘உருட்டு’ என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு என்ன பொருள் என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். கேட்ட பிறகு, பழையதே இருக்கட்டும் என்று தோன்றினால் எழுதுங்கள்.